தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மொத்தம் இருபத்தாறு தாள்கள். அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு, மழைக்குப் பயந்து பாலிதீன் உறையில் சுற்றி, மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள் டாக்டர் பிரபாவதி. காரவள்ளியில் மலையேறத் தொடங்கியபோது தூறலாக இருந்த ஐப்பசி மழை, வளைவுக்கு வளைவு வலுத்ததே தவிர விட்டபாடில்லை. அன்று புதன்கிழமை. மறுநாள் பதினோரு மணிக்குச் செம்மேட்டில் விசாரணை. நடுவில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கிடந்தன. அதற்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"பெத்த புள்ளையக்கூட இப்புடி யாரும் கட்டிப்புடிக்க மாட்டாங்க," என்றான் வண்டி ஓட்டிய அர்த்தநாரி. அவள் புருஷன், ராசிபுரம் பக்கத்து விவசாயி, வாய் சும்மா இருக்காத மனுஷன். "தாளுக்கு மூச்சு முட்டுது பாரு, கொஞ்சம் விடு."

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"ரோடு எங்க இருக்குது, பாக்கறதுக்கு?"

அதுவும் நிஜம்தான். மூடுபனியில் ஜீப்பின் மூக்கே தெரியவில்லை. ஆனால் பிரபாவதிக்குப் பயம் ரோட்டைப் பற்றியது அல்ல.

பிரபாவதி யார் என்று அடிவாரத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் சளி, காய்ச்சலிலிருந்து பிரசவம்வரை பார்க்கிற குடும்ப டாக்டர் என்பார்கள் சிலர். சேந்தமங்கலம் போலீஸ்காரரைக் கேட்டால், "அந்தம்மாவா, சரியான வம்புங்க" என்பார். மாவட்டம் புதுசாகப் பிரிந்த வருஷம், பிரசவ வலியோடு டிராக்டரில் இறங்கிய ஒரு பெண் முப்பத்தெட்டாவது வளைவில் செத்துப்போனாள். அடுத்த வாரம் நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு இந்த டாக்டர் காரவள்ளியில் நடுரோட்டில் உட்கார்ந்தாள். பிடித்துக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, புளிசாதம் போட்டு, சாயங்காலம் விட்டார்கள். "டாக்டரம்மா எந்தக் கட்சி?" என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் கேள்வி. "சாகாம இருக்கணும்னு நெனைக்கறவங்க கட்சி" என்பாள். அப்படியொரு கட்சிக்கு எங்கே ஓட்டு விழும், சொல்லுங்கள்.

அவள் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. மலைக்கு ஒரு ஆம்புலன்ஸ், இரவும் பகலும் தங்கியிருக்கிற ஒரு டாக்டர். மனு மேல் மனு போட்டதற்கு மாவட்ட அதிகாரி ஒரு பதில் அனுப்பினார். அவள் சொல்கிற மூன்று ஊர்களில் எட்டு வருஷத்தில் இறந்த குழந்தைகள்: பூஜ்யம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனுஷன் பிள்ளைகளையே மறைத்துவிட்டார். மலைமேல் பிறந்து மலைமேலேயே போகிற பிள்ளையை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. எழுதாத பிள்ளை சாகவும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

சரி, நானே எண்ணுகிறேன் என்று கிளம்பினாள் பிரபாவதி. வாரத்துக்கு இரண்டு நாள் மலையேறி, ஆலத்தூர் நாட்டில் அடுத்தடுத்து இருக்கிற மூன்று ஊர்களில் வீடு வீடாக நடந்தாள். முதல் வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. "புள்ளைங்க எத்தனை?" "ரெண்டுங்க." "செத்தது ஏதாச்சும்?" "அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." செத்த பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சொன்னால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது.

அப்புறம் ஒரு நாள், சாமை காயப்போட்டிருந்த வாசலில் ஒருத்தி தன் மகளைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. "ஏ தவிட்டாயி, இங்க வா சாமி!" பிரபாவதி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பிள்ளை பிறந்து பிறந்து செத்துப்போனால், அடுத்ததற்கு நல்ல பெயர் வைக்கமாட்டார்கள். குப்பையில் போட்டுப் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பாயி என்பார்கள். பிச்சையாக வந்தது என்று பிச்சாயி என்பார்கள். இல்லாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை அவளுக்கு விற்றுவிடுவார்கள். அது தவிட்டான், தவிட்டாயி. வளர்ப்பது பெற்றவள்தான்; ஆனால் ஊர் பேச்சுக்கு அது பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை. வருகிற எமன் எட்டிப் பார்த்து, "சீ, தவிட்டு விலைக்குப் போனது நமக்கெதற்கு" என்று தாண்டிப் போய்விடவேண்டும்.

ஆக, வாய் சொல்லாததைப் பெயர் சொன்னது. பிரபாவதி பெயரை வைத்துத் தேடினாள். குப்பன் இருக்கிற வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கிழங்கு உரித்துக் கொடுத்து, மெதுவாகக் கேட்டாள். இருபத்தாறு வீடுகள், செத்த பிள்ளைகள் முப்பத்தொன்று. ஒவ்வொரு தாயின் பெருவிரல் ரேகையோடும் ஒரு தாள். அடிவாரத்தில் அதே அளவு வீடுகளில் எண்ணிப் பார்த்தாள்: நாலு. இன்னொன்றும் பார்த்தாள். கீழே குப்பாயிகளுக்கெல்லாம் ஐம்பது, அறுபது வயசு. பேரன் பேத்தி எடுத்தவர்கள். மேலே குப்பாயிக்கு இன்னும் பால் பல் விழவில்லை. நடுவில் இருப்பது எழுபது வளைவு, அவ்வளவுதான். இந்தக் கணக்கைக் கேட்கத்தான் அரசாங்கக் கமிட்டி ஒன்று மறுநாள் செம்மேட்டுக்கு வருவதாக இருந்தது.

இந்தச் சூட்சுமம் டாக்டர் படிப்பில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அர்த்தநாரி ஒருமுறை கேட்டான். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். பிரபாவதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வைத்த பெயர். அதற்கு முன்னால் வீட்டில் அவளுக்கு வேறு பெயர். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் யாராவது அந்தப் பெயரைக் கண்டுபிடித்துச் சிரித்துவிடுவார்களோ என்று ஐந்து வருஷம் பயந்து செத்தாள். கட்டின புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை.

சோளக்காடு தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு ஆள் கையை நீட்டி ஜீப்பை மறித்தான். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தான். கிட்டப்போனதும்தான் தெரிந்தது, சென்றாயன். அன்று சாமை காயப்போட்டிருந்த பாப்பாயியின் புருஷன்; தவிட்டாயியின் அப்பன். நாளைக் காலை கமிட்டி முன்னால் எழுந்து பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்த ஒரே பெண் அந்தப் பாப்பாயிதான்.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்தத் தாளு கையில இருக்குதுங்களா?"

வணக்கம் இல்லை, வாங்க இல்லை.

"இருக்குது. ஏன்?"

"பெருமாயி புள்ளைக்குச் சீக்குங்க. மூணு நாளாச்சு. மூச்சு வாங்குதுங்க."

பெருமாயி பக்கத்து வீட்டுக்காரி. ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கியவள். "யாரு, தவிட்டாயிக்கா? மூணு நாளா என்ன பண்ணுனீங்க? ஏறுங்க வண்டியில!"

சென்றாயன் ஏறவில்லை. மழைத்தண்ணீர் அவன் முகத்தில் வழிந்தது. "நீங்க வரவேண்டாமுங்க. தாளை மட்டும் குடுங்க, நான் கொண்டுபோறேன். அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு படிச்சீங்கல்லோ, அதுலேருந்துதானுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. பத்து நாளைக்கு முன்னால் பாப்பாயி ரேகை வைப்பதற்கு முன், எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள் பிரபாவதி. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ரேகை வாங்கினால் படித்துக் காட்டித்தான் வாங்கவேண்டும், அது நாணயம், அதுதான் முறை. முறை தப்பக்கூடாது என்று நடுவாசலில் நின்று, ஊர் கேட்க, கணீரென்று படித்தாள்: "தவிட்டாயி, பாப்பாயிக்குப் பிறந்த மூன்றாவது பெண் குழந்தை. முன் பிறந்த இரண்டும் இறப்பு." இரண்டு வருஷமாக எமனுக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை விலாசத்தோடு சொல்லிவிட்டாள் மகராசி. பாப்பாயி முகம் அப்போதே செத்துப்போயிற்று. பிரபாவதி அதைப் பார்த்தாள். விசாரணையை நினைத்துப் பயப்படுகிறாள்போல என்று நினைத்துக்கொண்டாள். மற்ற டாக்டர் யாராவது இந்தத் தப்பைச் செய்தால் தெரியாமல் செய்தார்கள் எனலாம். பத்து வயசு வரைக்கும் தன் தாய் நாலு பேர் நடுவில் தன்னை மகள் என்று சொல்லாததை மறக்காத இவள் செய்யலாமா?

"நான் வந்து புள்ளையப் பாக்கறேன். தாளும் கூட வருது. நடங்க," என்று இறங்கிவிட்டாள். அர்த்தநாரியும் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

ரோட்டிலிருந்து முக்கால் மைல். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டு வரப்பில் சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது. ஒரு கையில் மருந்துப் பெட்டி, ஒரு கையில் பை. கடவுளே, நாளைக்கு அந்தக் கமிட்டி வரட்டும், போகட்டும், இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாது. இப்படி நினைத்த அடுத்த எட்டிலேயே, தாள் நனைகிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பாப்பாயி வீட்டு வாசலில் மழையைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். எல்லாரும் தாளில் ரேகை வைத்தவர்கள். பாப்பாயி நிலைக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றாள். உள்ளே பெருமாயியின் மடியில் பிள்ளை கிடந்தது.

பிரபாவதி வாசலில் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பிள்ளையின் மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஒரு நிமிஷத்துக்கு அறுபத்தெட்டு. உதட்டில் லேசாக நீலம்.

"பாப்பாயி, இது சளிக் காய்ச்சல், நெஞ்சுல கட்டிக்கிச்சு. இப்பவே ஊசி போடணும். கீழ கொண்டுபோய் ஆக்சிஜன் வெக்கணும். கையை எடு கண்ணு."

"தாளுங்க," என்றாள் பாப்பாயி. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "அது இருக்கற வரைக்கும் ஊசி எப்புடிங்க ஏறும்? நீங்க நல்லவங்கதான். தாளு நல்லதில்லீங்களே."

தாளுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அரைமணி நேரம் பேசலாம். பிரபாவதிக்குப் பேசத் தெரியாதா, போலீஸையே பேசி மடக்கியவள். ஆனால் அரைமணி நேரம் யாரிடம் இருக்கிறது? பையைத் திறந்து, பாப்பாயியின் தாளைத் தேடி எடுத்து நீட்டினாள். பெருமாயி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அதை வாங்கி, அடுப்பில் வைத்தாள். ஈரத் தாள் கொஞ்ச நேரம் புகைந்துவிட்டுத்தான் எரிந்தது.

பாப்பாயி கையை எடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "எங்களுதும் குடுத்துருங்க டாக்டரம்மா." அத்தாயி. அவள் மகன் பெயர் பிச்சை. "எம்பையனுக்கும் நேத்துலேருந்து ஒடம்பு சுடுதுங்க." இன்னொருத்தி, "எனக்கும்." இன்னொருத்தி கையை நீட்டினாள்.

அர்த்தநாரி மனைவியின் காதருகில் குனிந்தான். முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை. "ரெண்டு வருசம், பிரபா."

இரண்டு வருஷம் எத்தனை நடை என்று அவளுக்குத் தெரியாதா? மற்ற இருபத்தைந்தையும் தரமாட்டேன் என்றால் பாப்பாயி மறுபடி கையை நீட்டி மறித்துவிடுவாளா? மறிக்கமாட்டாள் என்றுதான் தோன்றியது. ஆனால் இந்தப் பெண்கள் வாசலைவிட்டுப் போகவும் மாட்டார்கள். நாளைக்கு அத்தாயி பையனுக்குக் காய்ச்சல் ஏறினால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவராமல் தாளைத்தான் நினைப்பாள். உயிர் பிழைக்க எழுதிய தாளே உயிருக்கு எமன். பிரபாவதி பையோடு எடுத்துப் பெருமாயியிடம் கொடுத்துவிட்டாள்.

"இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள் பெருமாயி.

இவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஜீப்பின் இருக்கைக்கு அடியில், நாமக்கல்லில் எடுத்த ஜெராக்ஸ் நகல் ஒரு கட்டு இருந்தது. நாளைக்கு அதை வைத்தே விசாரணையை நடத்திவிடலாம். அர்த்தநாரி அவள் முகத்தைப் பார்க்காமல் மோட்டுவளையைப் பார்த்தான்.

"இல்ல," என்றாள் பிரபாவதி. "ஜீப்புல ஒரு நகல் இருக்குது. போறப்ப அதையும் சென்றாயன் கையில குடுத்தர்றேன்." அப்புறம் அவள் பாப்பாயியைத் தாண்டி, நேராகப் பெருமாயியின் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வாசலில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அன்று தாளைப் படித்த அதே குரலில் கேட்டாள்: "பெருமாயி, உம்பட புள்ளைய நான் தூக்கட்டுமா?"

பெருமாயி பிள்ளையைத் தூக்கி அவள் கையில் வைத்தாள். நிலையடியில் நின்ற பாப்பாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

எழுபது வளைவையும் எப்படி இறங்கினார்கள் என்று கேட்காதீர்கள். ஊசி போட்டாயிற்று, நகல் கட்டையும் சென்றாயன் கையில் கொடுத்தாயிற்று. பெருமாயி மடியில் பிள்ளை, பக்கத்தில் பாப்பாயி, எதிரில் கடிகாரமும் கையுமாகப் பிரபாவதி. "அறுபத்தஞ்சு." "எழுவது." "பேசாம ஓட்டுங்க." நாற்பதாவது வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. அர்த்தநாரி இறங்கி, மண்வெட்டி இல்லாமல் கையாலேயே தள்ளினான். அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளை இரண்டு தடவை மூச்சை மறந்து, மறுபடி ஞாபகம் வந்து இழுத்தது. முப்பத்தெட்டாவது வளைவில் பிரபாவதி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வண்டி, ஒரே ஒரு சிலிண்டர் மேலே இருந்திருந்தால் இந்தப் பயணமே வேண்டாம். அதற்காகச் சேர்த்த தாள்கள் இப்போது அடுப்புச் சாம்பல். சிரிப்புகூட வந்தது அவளுக்கு, பாழாய்ப்போன சிரிப்பு.

மூன்று மணிக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் தன் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தாள். ஆறு மணிக்கு மூச்சு ஐம்பத்தெட்டு. உதட்டு நீலம் போயிருந்தது, காய்ச்சல் போகவில்லை. இன்றைய ராத்திரி தாண்டினால்தான் எதையும் சொல்லமுடியும்.

பாப்பாயி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள், "நாளைக்கு நீங்க போகோணும்லங்க? தாளு இல்லாம என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்றது? செத்தாங்கன்னு வாயில சொன்னா, ஆதாரம் எங்கன்னு கேப்பாங்க. போய்ட்டுச் சும்மா வருவேன்."

பாப்பாயி கட்டிலைப் பார்த்தாள். "செத்ததைச் சொல்லப்படாதுங்க. அது எங்களால ஆகாது." அப்புறம் மெல்லச் சொன்னாள்: "இருக்கறதைச் சொல்லலாமில்லீங்க? பேரு ஊரறிஞ்சதுதானே. தெனமும் நாங்க கத்திக் கூப்புடற பேருதானே?"

பிரபாவதி ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு வருஷமாக இந்தப் பிள்ளைகளின் பெயர்களை வைத்து எண்ணியவள் அவள். எண்ணத் தெரிந்தவள் தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

விடிகாலையில் பிள்ளையின் மூச்சு ஐம்பத்திரண்டு. நாமக்கல்லிலிருந்து தோழி டாக்டர் நாகலட்சுமியை வரவழைத்துக் கட்டிலருகில் உட்காரவைத்தாள். "ஏதாச்சும்னா யூனியன் ஆபீஸ் எதுத்தாப்ல எஸ்.டி.டி. பூத் இருக்குது, அங்க போன் பண்ணுங்க" என்று புருஷனுக்கு நாலு தடவை சொன்னாள். பெருமாயி நகரமாட்டேன் என்றுவிட்டாள். தாய் எப்படி நகருவாள்? பாப்பாயிதான் வாசல்வரை வந்து, திரும்பிப் போய்ப் பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டு, மறுபடி வந்து பிரபாவதியோடு பஸ் ஏறினாள்.

செம்மேட்டில் யூனியன் ஆபீஸ் கூடம் நிறைந்திருந்தது. கமிட்டித் தலைவி சென்னையிலிருந்து வந்த வயதான அம்மாள். நரைத்த கொண்டை, தடித்த கண்ணாடி. மாவட்ட அதிகாரி எழுந்து தன் பூஜ்யத்தைப் படித்தார். கூச்சமே இல்லாமல் இரண்டு தடவை படித்தார். "டாக்டரம்மா ஏதோ தாளெல்லாம் வெச்சிருக்கறதா சொன்னாங்க," என்று சிரித்தார்.

"தாள் இல்லீங்க," என்றாள் பிரபாவதி.

"பாத்தீங்களா மேடம்?"

பிரபாவதியின் காது முழுக்க எதிர்ப்பக்கத்துப் போன் பூத்திலேயே இருந்தது. மணி அடிக்கவில்லை. அடிக்காதது நல்லதா கெட்டதா? அப்போது பாப்பாயி எழுந்து நடந்து டைப்பிஸ்ட் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பேரு தவிட்டாயிங்க. ரெண்டு வயசு."

"உங்க பேரைச் சொல்லும்மா," என்றார் அதிகாரி.

"எம்பட பேரு எதுக்குங்க? தவிட்டாயின்னு எழுதச் சொல்லுங்க."

டைப்பிஸ்ட் அடித்தான். பாப்பாயி நகர்ந்ததும் அத்தாயி வந்தாள். நேற்று வாசலில் தாளைத் திருப்பிக் கேட்டவள். பிள்ளை எப்படி என்று கேட்கக் காத்திருந்த அவர்களிடம், பாப்பாயி காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்ன பேசினாளோ, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசை நின்றது. "பிச்சை. நாலு வயசு." "குப்பாயிங்க. பதினோரு மாசம்." "தவிட்டான். அஞ்சு." "குப்பன். மூணு." செத்ததைப் பற்றி ஒருத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. இருக்கிற பிள்ளையின் பெயர், வயசு. அவ்வளவுதான்.

எட்டாவது பெயரில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. டைப்பிஸ்ட் அடிவாரத்துக்காரன், அவனுக்குப் புரிந்துவிட்டது. தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். அவளும் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்தவள்தானே. "ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க," என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "இன்னும் எத்தனை பேர்மா நிக்கறீங்க?"

"நாங்க இருவத்தாறு பேருங்க. இன்னைக்கு வந்தது பத்தொம்பது," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

அதிகாரிக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. "மேடம், பேரு வெச்சா செத்ததுன்னு அர்த்தமா? பேரு பேருதான். இதெல்லாம் கீழயும்தான் வெக்கறாங்க!"

பிரபாவதி எழுந்தாள். நடுரோட்டில் உட்கார்ந்தபோது பயப்படவில்லை. போலீஸ் வேனில் ஏறியபோது பயப்படவில்லை. இப்போது பயந்தாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வந்தது.

"கீழ வெக்கறதில்லீங்க. நிறுத்திட்டாங்க. கீழ பஸ் வந்துச்சு, ஆஸ்பத்திரி வந்துச்சு, புள்ளைங்க தங்குச்சு. அந்தப் பேருக்கு வேலையில்லாம போச்சு. எனக்குத் தெரிஞ்சு எங்க ஊர்ல கடைசியா வெச்சது எங்கம்மா." டைப்பிஸ்டைப் பார்த்தாள். "எழுதிக்குங்க தம்பி. குப்பாயி. காளப்பநாயக்கன்பட்டி."

அவன் விரல் தடுமாறியது. "வயசுங்க?"

"நாப்பத்தி நாலு."

தலைவி டைப் அடித்த தாளை உருவி வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தாள். ரெண்டு, நாலு, பதினோரு மாசம், அஞ்சு, மூணு. கடைசியில் நாற்பத்தி நாலு. அதிகாரி பக்கம் அதைத் தள்ளினாள். "உங்க பூஜ்யத்தை உங்க கையாலேயே அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. வண்டி எப்ப வரும்கறதையும் அதுலேயே எழுதுங்க. நான் காத்திருக்கேன்."

வண்டி வந்ததா என்றால், வந்தது. தை மாதம் வந்தது, ஸ்டெப்னி டயர் இல்லாமல். அதற்கு வேறொரு மறியல் செய்யவேண்டி வந்தது, அதை விடுங்கள். அன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்டதைக்கூடப் பிரபாவதி பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பூத்துக்காரர் கத்தினார்: "டாக்டரம்மா! கீழேருந்து போன்!"

மழையில் ஓடினாள். ரிசீவரைக் காதில் வைத்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது.

"ஏனுங்க டாக்டரே, கூட்டம் என்னாச்சு?" என்றான் அர்த்தநாரி.

"கூட்டம் கெடக்குது, புள்ளை எப்புடி? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"கத்தாதே, சொல்றேன். காய்ச்சல் எறங்கிருச்சு. ஆக்சிஜனை எடுத்தாச்சு. நாகலட்சுமி குடுத்த கஞ்சியப் புள்ளை துப்பிருச்சு. குச்சிக்கிழங்கு வேணுமாம். ஆஸ்பத்திரியே அலறுது."

பிரபாவதி பூத்தின் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். அழுகை வந்துவிட்டது, அடக்கவும் தோன்றவில்லை. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வெளியே தாழ்வாரத்து ஓரத்தில் பாப்பாயி நிற்பது தெரிந்தது. முந்தானையைக் கையில் முறுக்கி முறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த முகத்தில் உயிரே இல்லை. பின்னால் மற்ற பெண்கள், டீ குடிக்க வந்த ஆட்கள், ஊரே நின்றது. ஊர் கேட்கிற மாதிரி, பாப்பாயி கேட்டாள்:

"ஏனுங்க, பெருமாயி புள்ளை எப்புடி இருக்குதுங்க?"

பிரபாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெருமாயி புள்ளை நல்லா இருக்குது, கண்ணு. பெருமாயிகிட்டக் கெழங்கு கேட்டு அழுவுதாம்."